செதிள் எடுக்காத மீன்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலையே காட்டல. ஆணி அதிகம் மக்களே. தேர்வு, அது முடிஞ்சதும் இன்டர்ன்ஷிப் அறிக்கை, நடுவுல ஒரு வாரம் காய்ச்சல். நேத்துத்தான் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சது. ரொம்ப நாள் கழிச்சு வர்றோமே, வெறுங்கையோட வர வேணாம்னு ஒரு சமையல் குறிப்பு எழுத உக்காந்தேன். மீனை மூலிகையெல்லாம் வச்சு கரி அடுப்புல சுடறது எப்படி, அவ்வளவுதான் திட்டம். எழுத எழுத அது வேற எங்கேயோ இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. அழிக்க மனசு வரல. அப்படியே போடறேன், பொறுத்துக்கோங்க.

நான் படிக்கிற ஊர் மார்செய். பிரான்ஸோட தெற்குக் கரை, மத்தியதரைக் கடல் ஓரம். கி.மு. 600 வாக்குல கிரேக்கர்கள் வந்து இறங்கி உண்டாக்கின ஊர், பிரான்ஸ்லயே பழசு. அவங்க இறங்கின அதே இயற்கைத் துறைமுகம்தான் இப்பவும் ஊருக்கு நடுவுல இருக்கு. வியே போர்னு சொல்வாங்க, பழைய துறைமுகம்னு அர்த்தம். தினமும் காலைல அந்தக் கரையில மீன் விப்பாங்க. ராத்திரி போன சின்னப் படகுகள்ல வந்த மீனை நீலத் தொட்டியில போட்டு, மேஜையில பரப்பி, மத்தியானத்துக்குள்ள வித்து முடிச்சுட்டுக் கிளம்பிடுவாங்க. பக்கத்துலயே ஒரு பெரிய கண்ணாடிக் கூரை. நிஜக் கண்ணாடி இல்ல, பளபளன்னு தேய்ச்ச எஃகு. நார்மன் ஃபாஸ்டர்ங்கிற கட்டடக்கலைஞரோட நிறுவனம் 2013ல போட்டது. கீழ நின்னு அண்ணாந்து பார்த்தா நாம தலைகீழாத் தொங்குவோம். சுற்றுலா வர்றவங்க எல்லாம் அதுக்குக் கீழ நின்னு மேல பார்த்துக்கிட்டே இருப்பாங்க. அந்தப் பக்கம் மீன்காரம்மா கத்திக்கிட்டே இருப்பாங்க.

ஒன்றரை வருஷமா நான் அந்த இடத்தைத் தாண்டும்போது கொஞ்சம் வேகமா நடப்பேன்.

ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு திருத்தம். என்னைப் பத்தின பக்கத்துல "நாகர்கோவில்காரன்"னு எழுதி வச்சிருக்கேன். பொய்னு சொல்ல முடியாது. நாகர்கோவில்ல பஸ் ஏறி முக்கால் மணி நேரம் போனா, ரோடு முடிஞ்சு மணல் ஆரம்பிக்கிற இடம் எங்க ஊர். அந்த முக்கால் மணி நேரத்தை எழுதாம விட்டுட்டேன். அம்மா பத்திக் கேட்டா "வீட்லதான் இருக்காங்க"ன்னு சொல்லியிருக்கேன். விண்ணப்பப் படிவத்துல தாயின் தொழில்ங்கிற கட்டத்துல "இல்லத்தரசி"ன்னு என் கையாலதான் எழுதினேன். அம்மா விடிகாலை மூணரை மணிக்கு எழுந்திரிச்சு, கரையில ஏலம் எடுத்து, அலுமினியச் சட்டியைத் தலையில வச்சு, பஸ் ஏறி, உள்ளூர்ப் பக்கம் வீடு வீடாப் போயி மீன் விக்கிறவங்க. இருபத்திரெண்டு வருஷமா. நான் இங்க படிக்கிறது கடலியல். அந்தச் சட்டியில இருந்து வந்த காசுலதான் படிக்கிறேன். வேடிக்கைதான், இல்ல?

சரி, மீனுக்கு வருவோம்.

ஜூன் மாசம் ஒரு சனிக்கிழமை. வகுப்புத் தோழி ஒருத்தியோட தாத்தா வீடு லெஸ்தாக்ல இருக்கு. மார்செய்யோட வடமேற்கு ஓரத்துல இருக்கிற பழைய மீன்பிடிப் பகுதி, செஸான் வந்து படம் வரைஞ்ச இடம். தேர்வு முடிஞ்ச சந்தோஷத்துல எட்டுப் பேர் அங்க போயி மீன் சுட்டுச் சாப்பிடறதா ஏற்பாடு. கடற்கரையில உக்காந்து சுடலாமேன்னு நான் கேட்டதுக்கு எல்லாரும் என்னைப் பயத்தோட பார்த்தாங்க. இங்க வெயில் காலத்துல தீங்கிறது விளையாட்டு இல்ல. காஞ்ச பைன் காடும் வடக்கேயிருந்து அடிக்கிற மிஸ்திரால் காத்தும் சேர்ந்தா மலையே எரிஞ்சிடும். கலாங்க் தேசியப் பூங்காவுல வருஷம் முழுக்கவே தீ மூட்டத் தடை. அதனால தாத்தா வீட்டு முற்றம்.

தலைக்கு 8 யூரோ வசூல். மீன் வாங்கற பொறுப்பு யாருக்குன்னு பேச்சு வந்தப்போ, "நீ இந்துமாக் கடல் பக்கத்துக்காரன்தானே, நீயே வாங்கு"ன்னு தள்ளிவிட்டுட்டாங்க. மறுத்திருக்கலாம். மறுக்கல.

காலை எட்டரைக்கு வியே போர் போயாச்சு. நாலாவது மேஜையில ஒரு அம்மா. அறுபது வயசு இருக்கும். ரப்பர் பூட்ஸ், பிளாஸ்டிக் ஏப்ரன், சிவப்பு நகச்சாயம். "உயிரோட இருக்கு, உயிரோட இருக்கு, உங்களை விட உயிர்ப்பா இருக்கு!"ன்னு கத்தறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தொண்டையைக் கொஞ்சம் கரகரன்னு வச்சுக்கிட்டு, கடைசி எழுத்தை இழுத்துக் கத்தற அந்த விதம் இருக்கே, அதுக்கு மொழியே கிடையாது போல.

மேஜையில ரெண்டு நல்ல லூ கிடந்தது. லூன்னா பிரெஞ்சுல ஓநாய். அட்லாண்டிக் பக்கம் இதே மீனை பார்னு சொல்வாங்க, மத்தியதரைப் பக்கம் லூ. நம்ம கொடுவாய்க்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும், ஆனா குடும்பம் வேற. கொடுவாயை மலையாளத்துல நரிமீன்னு சொல்வாங்க. அங்க நரி, இங்க ஓநாய்! பண்ணையில வளர்த்த லூ மலிவாக் கிடைக்கும். கடல்ல பிடிச்சது அன்னிக்கு கிலோ 30 யூரோ.

நான் யோசிக்கவே இல்ல. கை தானாப் போயி செவுளைத் தூக்கிப் பார்த்துச்சு. ரத்தச் சிவப்பு. கண்ணு குழியாம வெளிய துருத்தி நின்னுச்சு. வயித்தைக் கட்டை விரலால அழுத்தினா குழி விழாம திரும்பி வந்துச்சு. அப்புறம் மூக்குக்கிட்ட கொண்டு போனேன். நல்ல மீன்ல மீன் வாடை வராது, கடல் வாடைதான் வரும். இது அம்மா எனக்கு ஆறு வயசுல சொன்னது. வகுப்புல டிரைமெத்திலமைன்னு ஒரு வேதிப்பொருளைப் பத்தி நடத்தினப்போதான் காரணம் தெரிஞ்சுது. மீன் செத்த பிறகு பாக்டீரியா வேலை செஞ்சு அது உண்டாகுது. அதுதான் அந்த வாடை.

அந்த அம்மா கத்தறதை நிறுத்திட்டு என்னையே பார்த்தாங்க. "உனக்குத் தெரியும் போலிருக்கே. வீட்ல யாரு, மீனவங்களா?"

"ஆமா. அப்பா கடலுக்குப் போறவர்."

"அம்மா?"

"நீங்க செய்யறதைத்தான் அவங்களும் செய்யறாங்க."

சொல்லிட்டேன்! பிரெஞ்சுல. இலக்கணம்கூடச் சரியா வந்துச்சு. இருபத்து நாலு வயசுல முதல் தடவையா ஒரு ஆள்கிட்ட இதைச் சொல்றேன், அதுவும் முன்னப்பின்ன தெரியாத ஒரு அம்மாகிட்ட. வேற மொழியில சொல்லும்போது வலிக்கவே இல்ல, அதுதான் ஆச்சரியம். அந்த அம்மா பெரிசா ஒண்ணும் சொல்லல. "அப்ப அவங்களுக்கும் முதுகு வலி இருக்கும்"னு சொல்லிட்டு, ரெண்டு லூவையும் நிறுத்து, ஒரு கை சாளையைச் சும்மா அள்ளிப் பையில போட்டாங்க. சாளையை நாம மத்தின்னும் சொல்வோம். கொசுறுங்கிறது உலகப் பொதுவழக்கம். மீனைச் சுத்தம் பண்ணித் தரட்டுமான்னு கேட்டாங்க. வேணாம், நானே பண்ணிக்கிறேன்னு சொன்னேன். கொஞ்சம் திமிராத்தான் சொன்னேன்னு நினைக்கிறேன்.

இந்த ஊர்ல மீன்காரம்மாங்கிறது ஒரு கௌரவமான கதாபாத்திரம். மார்செல் பான்யோல் எழுதி 1929ல மேடையேறின 'மாரியுஸ்' நாடகம் இந்தத் துறைமுகத்துலதான் நடக்குது. 1931ல சினிமாவாவும் வந்துச்சு. அதுல நாயகியோட அம்மா ஒனொரின் மீன் விக்கிறவங்க, நாயகி ஃபனி சிப்பி விக்கிறவ. பிரெஞ்சு மொழி வகுப்புல இந்தப் படத்தைப் போட்டுக் காமிச்சாங்க. ஒனொரின் வாயைத் திறந்தா வகுப்பே சிரிக்குது, அன்பாச் சிரிக்குது. நானும் சிரிச்சேன். பக்கத்துல உக்காந்திருந்த என் ரூம்மேட்டும் சிரிச்சான். அவன் சென்னைக்காரன். அவன்கிட்டயும் "வீட்லதான் இருக்காங்க"ன்னுதான் சொல்லி வச்சிருந்தேன்.

பழைய துறைமுகத்துல இருந்து லெஸ்தாக்குக்கு வெயில் காலத்துல படகு விடறாங்க. முக்கால் மணி நேரத்துக்குள்ள போயிடலாம். மீன் பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தேன். பக்கத்துல ஒரு வயசான அம்மா, எதிர்ல குழந்தையோட ஒரு ஜோடி. நான் கடலைப் பார்க்கல. அவங்க மூக்கைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன். யாரும் மூக்கைச் சுளிக்கல, யாரும் தள்ளி உக்காரல. மீன் ஐஸ்ல இருந்துச்சு, வாடை வர வாய்ப்பே இல்ல, எனக்கே தெரியும். ஆனாலும் கண்ணு அங்கதான் போகுது. சின்ன வயசுல லீவு நாள்ல அம்மாகூட பஸ்ல போவேன். அம்மா எப்பவும் கடைசிப் படிக்கிட்ட, சட்டியைக் காலுக்கு நடுவுல வச்சு, நின்னுக்கிட்டுத்தான் வருவாங்க. சீட் காலியா இருந்தாலும். எட்டாம் வகுப்புல ஒரு நாள் நான் பள்ளிக்கூடப் பசங்களோட இருந்த பஸ்ல அம்மா ஏறினாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அம்மா என்னைப் பார்த்தாங்க, ஆனா கூப்பிடல. எனக்கு முந்தின ஸ்டாப்லயே இறங்கிட்டாங்க. ரெண்டு பேரும் இதைப் பத்தி இதுவரைக்கும் பேசினதில்ல.

2021 டிசம்பர்ல குளச்சல் பஸ் நிலையத்துல மீன் விக்கிற ஒரு அம்மாவை நாத்தம் அடிக்குதுன்னு பஸ்ஸை விட்டு இறக்கிவிட்டதும், அவங்க அழுது நியாயம் கேட்ட வீடியோ ஊரெல்லாம் சுத்தினதும் உங்கள்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும். முதலமைச்சரே கண்டிச்சார், பணியாளர்களைத் தற்காலிக நீக்கம் பண்ணினாங்க. காலேஜ்ல எல்லாரும் கோபமாப் பேசினாங்க. நானும் பேசினேன், சமூக அக்கறையுள்ள ஒரு மாணவனா! ராத்திரி அம்மாகிட்ட போன்ல சொன்னா, "இது ஒனக்கு இன்னைக்குத்தானா தெரியும்?"னு கேட்டுட்டு வேற பேச்சுக்குப் போயிட்டாங்க.

லெஸ்தாக். படகை விட்டு இறங்கினதும் கரையோரக் கடையில பனிஸ்னு ஒண்ணு விக்கிறாங்க. கடலை மாவைக் காய்ச்சி ஆற வச்சு, துண்டு போட்டு எண்ணெயில பொரிக்கிறது. பஜ்ஜிக்குள்ள ஒண்ணும் வைக்க மறந்த மாதிரி இருக்கும், ஆனா சூடா உப்புத் தூவித் தின்னா நிறுத்த முடியாது. இது சும்மா தகவலுக்கு.

தாத்தா துறைமுகத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முற்றத்து மூலையில செங்கல் வச்ச கரி அடுப்பு. கரியோட திராட்சைக் கொடியோட காஞ்ச குச்சிகளும் போட்டிருந்தார். நம்ம ஊர்ல சிரட்டை மாதிரி, சட்டுனு பிடிச்சு நல்ல கனலாகும். நான் மீனை எடுத்து மேஜையில வச்சு, கத்தியைத் திருப்பிப் பிடிச்சு, வாலுல இருந்து தலைப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தேன். செதிள் நாலு பறந்திருக்கும். தாத்தா "நோன் நோன் நோன்"னு ஓடி வந்து கையைப் பிடிச்சுட்டார்.

சுடற லூவுக்குச் செதிள் எடுக்கக் கூடாதாம்! செதிளோட தோல் ஒரு கவசம் மாதிரி நிக்கும், உள்ள சதை காயாம தன் ஈரத்துலயே வேகும், வெந்ததும் தோலை மொத்தமா உரிச்சு எறிஞ்சிடலாம். செதிள் எடுக்காத மீனை எங்க ஊர்ல யாராவது அடுப்புல வச்சா வீட்டுக்கு வந்த மருமகளை மூணு தலைமுறைக்குப் பேசுவாங்க.

வயித்தைக் கிழிச்சுக் குடலை எடுக்கிறதுக்கு மட்டும் அனுமதி கிடைச்சுது. அடிவயித்துத் துளையில கத்தி முனையை வச்சு செவுள் வரைக்கும் ஒரே கீறல், ரெண்டு விரலை விட்டு ஒரு சுழட்டு, எல்லாம் கையோட வந்துரும், பித்தப்பை உடையக் கூடாது. செவுளைப் பிச்சு எடுத்து, முதுகெலும்பு ஓரமா இருக்கிற ரத்தக் கட்டியை நகத்தால சுரண்டிக் கழுவணும். ஒரு மீனுக்கு ஒரு நிமிஷம். ரெண்டு மீனையும் முடிச்சு நிமிர்ந்தா முற்றத்துல பேச்சு நின்னு போயிருந்துச்சு. எல்லாரும் என் கையைப் பார்க்கிறாங்க.

ரூம்மேட்தான் தமிழ்ல கேட்டான். "டேய், எங்கடா கத்துக்கிட்ட இதெல்லாம்?"

"வீட்ல."

"வீட்ல யாரு?"

காலையில பிரெஞ்சுல அவ்வளவு லேசா வந்த வாக்கியம். தமிழ்ல தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. தண்ணிக் குழாயைத் திறந்து கை கழுவற மாதிரி கொஞ்ச நேரம் நின்னேன்.

"அம்மா மீன் விக்கிறாங்கடா."

"எக்ஸ்போர்ட்டா?"

"இல்ல. தலைச்சுமை. வீடு வீடா."

அவன் என்னையே பார்த்தான். அப்புறம், "அப்ப ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கே ஒரு காகிதம்?"னான்.

எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல "இந்தச் சமையலறையில் மீன் சமைக்கக் கூடாது, வாடை போகாது"ன்னு ஒரு அறிவிப்பு இருக்கு. ரெண்டு மொழியில. ரெண்டும் என் கையெழுத்து.

"ஆமா. நான்தான்."

"ஒன்றரை வருஷமா என்னை முட்டையே தின்ன வச்சியேடா பாவி." இவ்வளவுதான் சொன்னான். சிரிச்சான்னுதான் நினைக்கிறேன். தாத்தா கனல் ரெடின்னு கூப்பிட்டார், பேச்சு அதோட போச்சு.

இனி செய்முறை. தலைப்புக்கு மரியாதை செய்யணுமே!

இங்க மீனுக்குள்ள போற முக்கியச் சரக்கு ஃபெனூய். நம்ம பெருஞ்சீரகச் செடிதான், சோம்புன்னு சொல்றோமே அதே இனம். நாம விதையை மட்டும் எடுத்துக்கறோம். இவங்க தண்டு, இலை, அடியில குமிழ் மாதிரி பருத்து வர்ற இலையடி, எல்லாத்தையும் தின்னுடறாங்க. ரயில் பாதை ஓரம், மலைச்சரிவுன்னு எங்க பார்த்தாலும் காட்டுச் செடியா வளர்ந்து நிக்கும். கோடை முடிவுல தண்டை வெட்டிக் காயவச்சுக் கட்டி வச்சுக்கறாங்க. தாத்தா பரண்ல இருந்து போன வருஷத்துக் கட்டு ஒண்ணை எடுத்துட்டு வந்தார். முகர்ந்து பார்த்தேன். எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை இறைச்சிக்கு மசாலா அரைக்கிற வாசம்.

மீனைத் துணியால ஈரம் போக ஒத்தி எடுக்கணும். வயித்துக்குள்ள கல்லுப்பு, மிளகு, நசுக்கின பூண்டு, எலுமிச்சை வட்டம் ரெண்டு, தைம் ஒரு கொத்து, பிரிஞ்சி இலை ஒண்ணு, நாலு துண்டு காஞ்ச ஃபெனூய் தண்டு. வெளிய ஆலிவ் எண்ணெய் மட்டும். இலையெல்லாம் வயித்துக்குள்ளதான் போகணும், வெளிய தடவினா கருகிக் கசந்துரும். ரோஸ்மேரி கொஞ்சம் முரடு, அதை ஒரு கொத்தாக் கட்டி எண்ணெய் தடவற பிரஷ்ஷாப் பயன்படுத்தினார் தாத்தா. அது நல்ல யோசனை.

காய்கறி மீனை விட மெதுவா வேகும், அதனால முதல்ல அதுதான். ஃபெனூய் குமிழை நீளவாக்குல விரல் தடிமனுக்கு, வேர்ப்பகுதி சேர்ந்து இருக்கிற மாதிரி வெட்டணும், இல்லன்னா இதழ் இதழாக் கழண்டு கனல்ல விழுந்துரும். வெங்காயத்தைத் தோலோட பாதியா. சிவப்புக் குடமிளகாயை முழுசாக் கருக விட்டு, மூடி வச்சு, தோலை உரிச்சுடணும். தக்காளியைக் கடைசியில.

கனல் மேல வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகுதான் மீன். கம்பி வலை நல்லாச் சூடேறியிருக்கணும். வச்சா எட்டு நிமிஷத்துக்குத் தொடக் கூடாது. பச்சையான மீன் இரும்பைப் பிடிச்சுக்கும், வெந்து நிறம் மாறினதும் தானா விட்டுடும். அவசரப்பட்டுத் திருப்பினா தோலு அங்க, மீனு இங்க. திருப்பி இன்னொரு எட்டு நிமிஷம். முதுகெலும்புகிட்ட சதை எலும்பை விட்டுப் பிரிஞ்சு வந்தா ஆச்சு.

கடைசியாத்தான் வேடிக்கை. மிச்சக் காஞ்ச தண்டுகளைக் கனல் மேல பரப்பி, ஒரு சின்னக் கரண்டி பாஸ்தீஸைச் சூடாக்கி மீன் மேல ஊத்திப் பத்த வச்சார். குப்புனு நீலச் சுடர், அப்புறம் சோம்பு வாசத்தோட ஒரு புகை. பாஸ்தீஸ்ங்கிறது இந்த ஊர்ச் சரக்கு. 1915ல அப்சிந்தைத் தடை பண்ணின பிறகு வந்த சோம்பு வாச மதுக்கள்ல ஒண்ணு, 1932ல பால் ரிக்கார் மார்செய்ல ஆரம்பிச்சது இன்னிக்கும் ஓடுது. தண்ணி விட்டா பால் மாதிரி வெளுத்துரும். அனெத்தோல்னு ஒரு பொருள், சாராயத்துல கரையும், தண்ணியில கரையாது, அதான். சோம்பு, அன்னாசிப்பூ ரெண்டும் வேற வேற குடும்பச் செடிகள், ஆனா ரெண்டுலயும் அந்த வாசத்தைத் தர்றது இதே அனெத்தோல்தான்.

தோலைக் கத்தி முனையால நெம்பினா செதிளோட அட்டை மாதிரி மொத்தமா வந்துச்சு. உள்ள வெள்ளை வெளேர்னு சதை, ஈரம் மினுங்குது. மேல ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை, பொடி உப்பு, அவ்வளவுதான். நம்ம நாக்கு முதல் வாய்ல காரத்தைத் தேடும். ரெண்டாவது வாய்ல மீனோட இனிப்பு தெரிய ஆரம்பிக்கும். மூணாவது வாய்ல ரூம்மேட் பாக்கெட்ல இருந்து மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தை எடுத்தான். துரோகின்னு திட்டிக்கிட்டே நானும் வாங்கித் தூவிக்கிட்டேன். கொசுறு சாளைதான் முதல்ல தீர்ந்துச்சு.

நடுவுல அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். இங்க மதியம் ஒண்ணரை, அங்க சாயங்காலம் அஞ்சு. அம்மா திரும்பி வந்து குளிச்சு முடிச்சு உக்கார்ற நேரம். ஜூன்ல எங்க கரையில விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அதனால அப்பாவும் தங்கல் போகாம வீட்லதான் இருந்தார். பின்னாடி வலை பின்னிக்கிட்டு இருந்தவர் தலையை மட்டும் ஆட்டினார். எப்பவும் நான் அறைக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டுத்தான் அம்மாகிட்ட பேசுவேன். அன்னிக்கு முற்றத்துல, எல்லார் நடுவுலயும். தாத்தா உரிச்ச தோலைத் தூக்கிக் காமிச்சார்.

"செதிள் எடுக்காமலா சுட்டானுவ!" அம்மாவுக்கு அதிர்ச்சி. "பெருஞ்சீரகத்தையா உள்ள வச்சிருக்கு? அது எறச்சிக்குல்லா போடுவாவ?" அப்புறம் விலை கேட்டாங்க. சொன்னேன். கிலோ 3,000 ரூபாய் பக்கம்னதும் அப்பா வலையைக் கீழ போட்டுட்டுக் கிட்ட வந்தார். "யார்ட்ட வாங்குன மக்களே?"னு அம்மா கேட்டாங்க. மீன்காரம்மாவைப் பத்திச் சொன்னேன். ரப்பர் பூட்ஸ், நகச்சாயம், கத்தறது, கொசுறு எல்லாத்தையும். முதுகு வலியையும்.

அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஒண்ணொண்ணாக் கேக்க ஆரம்பிச்சாங்க. "அவியளுக்கு நெழல் உண்டா? ஒண்ணுக்குப் போக எடம் உண்டா? மீதி மீனை என்ன செய்வாவ?" எனக்குப் பாதிக்குப் பதில் தெரியல. ஒன்றரை வருஷமா வேகமா நடந்து தாண்டின இடமாச்சே. கடைசியா, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "வித்து முடிச்சு அவிய வீட்டுக்கு எப்பிடிப் போவாவ? பஸ்ஸுல ஏத்துவானுவளா?"ன்னு கேட்டாங்க.

தெரியலம்மா, கேட்டுச் சொல்றேன்னேன்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ரூம்மேட் ஃப்ரிட்ஜ் காகிதத்தைப் பிச்சு எடுத்தான். குப்பையில போட்டுட்டு, திரும்பிப் பார்க்காமலே, "தப்பா எடுத்துக்காத, அப்ப நீங்க என்ன ஆளுங்க?"ன்னான். இந்தக் கேள்வி வரும்னு எனக்குத் தெரியும். ஒன்றரை வருஷம் வாயை மூடி வச்சிருந்ததே இதுக்காகத்தான். சொன்னேன். "ஓ"ன்னான். அந்த "ஓ"வை எந்தக் கணக்குல எழுதறதுன்னு இன்னும் தெரியல. அடுத்த நாள் அவன்தான் அயிலை வாங்கிட்டு வந்தான், நான்தான் புளி கரைச்சேன். நல்லாத்தான் சாப்பிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை வியே போர் போனேன். மீன் வாங்கப் போகல, கேக்கத்தான் போனேன். அம்மா கேட்ட வரிசையிலயே கேட்டேன். நிழலுக்குக் குடை இருக்கு, மிஸ்திரால் அடிச்சா அதுவும் நிக்காது. கழிவறைக்கு எதிர்ல இருக்கிற காபிக்கடை. மீந்தது வீட்டுக் குழம்புக்கு. வீட்டுக்கு எப்படிப் போவீங்கன்னு கேட்டதும் அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, தெருவோரம் நின்ன வெள்ளை வேனைக் காமிச்சாங்க. அவங்களேதான் ஓட்டுவாங்களாம்.

ராத்திரி அம்மாகிட்ட சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"வண்டி ஓட்டுவாவளா? செரி, செரி"ன்னாங்க அம்மா. "வேன் வெலை என்ன வரும், அதக் கேட்டியா?"